தவ்பா என்னும் திரும்புதல்

செய்த பிழைக்கு வருந்தி இறைவன் திருமுன் கண்ணீர் சிந்தியவனுடைய கணக்கு அக்கண்ணீரோடு தீர்ந்துவிடுகிறதா? இக்கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானதே. எனினும், நாம் பிறந்து வளர்ந்த இஸ்லாமிய நெறி இதற்கு என்ன விடை தருகிறது என்பதைத் தலைநகர்வாழ் தமிழன்பர்கள் முன் வைக்க விழைகிறோம். நாம் மார்க்க அறிஞர் அல்லேம். அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தர். அரபு மொழியை ஓதத் தெரியுமேயன்றிப் பொருள் காண்பதற்குத் தமிழ் மொழிபெயர்ப்புகளை நாடுகின்ற நிலையினர். ஆதலின் ஈண்டுச் சொல்லப்படுவனவற்றை, ஒரு சாமானியன் படித்தும் பட்டும் அறிந்தவை என்று கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

'தவ்பா' என்னும் அரபுச் சொல்லுக்குத் 'திரும்புதல்' என்பதே வேர்ப்பொருள். 'பாவமன்னிப்பு' என்று தமிழில் நாம் வழங்கும் சொல் அதன் பயனைக் குறிக்கிறதேயன்றிச் செயலைக் குறிக்கவில்லை. மன்னிப்பது இறைவன் செயல். திரும்ப வேண்டியவன் மனிதன். வழி தவறியவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, வழி தவறிவிட்டேனே என்று எத்துணை உருக்கமாகப் புலம்பினாலும் ஊர் போய்ச் சேரமாட்டான். காலை எடுத்து வைத்து வந்த வழியே நடந்தாக வேண்டும்.

இச்சொல்லில் மற்றோர் அழகும் உண்டு. திருக்குர்ஆன் இதே சொல்லை இறைவனுக்கும் ஆள்கிறது. அடியான் இறைவன்பால் திரும்புகிறான். இறைவனும் அருளோடு அடியான்பால் திரும்புகிறான். இறைவனின் திருநாமங்களுள் 'தவ்வாப்' என்பதும் ஒன்று. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ராபியா அம்மையாரிடம் ஒருவர், நான் திரும்பினால் இறைவன் ஏற்பானா என்று கேட்டாராம். அவன் முதலில் உன்பால் திரும்பினாலல்லவா நீ திரும்ப இயலும் என்னும் கருத்துப்பட அம்மையார் விடையிறுத்ததாகக் கூறுவர். வருந்துவதற்கும் ஒரு பேறு வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அப்பேற்றைப் பெறுவது நெஞ்சம். உடலில் உள்ள ஒரு தசைத்துண்டு சீராயின் உடல் முழுதும் சீராகும், அது கெடின் யாவும் கெடும், அதுவே இதயம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைகளுள் புகழ்பெற்ற ஒன்று. ஒவ்வொரு பிழையும் நெஞ்சில் ஒரு கரும்புள்ளியாக விழும். வருந்தித் திரும்பினால் அது துடைக்கப்படும். திரும்பாது தொடர்ந்தால் புள்ளிகள் பெருகி நெஞ்சையே மூடிவிடும் என்றும் அவர்கள் விளக்கியுள்ளார்கள். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் இதனைத் துருவுக்கு ஒப்பாகப் பேசுகிறது. நம் சைவ நண்பர்களுக்குச் செம்பிற் களிம்பு என்றால் உடனே விளங்கும். உவமை பிறந்த நிலங்கள் வேறு. கண்ட நோய் ஒன்றே போலும். துருவின் கொடுமை யாதெனில், அது ஏறும்போது ஓசை எழுவதில்லை. பிழை செய்து உறக்கமின்றித் தவிப்பவனைக் காட்டிலும், பிழை செய்துவிட்டு நன்றாக உறங்குகிறவனே அஞ்சத்தக்க நிலையில் இருக்கிறான்.

இனி, திரும்புதல் எவ்வாறு என்பதைப் பார்ப்போம். மார்க்க அறிஞர்கள் இதற்கு நிபந்தனைகள் வகுத்துள்ளனர். பிழையை விட்டொழித்தல், செய்ததற்கு மனம் நோதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் எல்லாப் பிழைக்கும் பொது. தொழுகையை விட்டது, நோன்பை விட்டது போன்ற, இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பிழைகளில் இவையே அடிப்படை. ஆனால் பிழை மற்றொரு மனிதனைப் பற்றியதாயின் நான்காவதாக ஒன்று வந்து சேர்கிறது. பறித்ததைத் திருப்பித் தர வேண்டும். அல்லது, பாதிக்கப்பட்டவரிடமே சென்று பொறுக்கக் கேட்க வேண்டும். முதல் மூன்றும் நம் அறைக்குள்ளேயே நிகழக்கூடியவை. நான்காவதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியாக வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம், திவாலானவன் யார் என்று வினவினார்கள். காசும் பண்டமும் இல்லாதவனே என்றனர் தோழர்கள். அதனை மறுத்து அண்ணலார் தந்த விளக்கத்தின் சாரம் இது: தீர்ப்பு நாளில் ஒருவன் தொழுகை, நோன்பு, ஏழைவரி என்னும் நற்செயல்களோடு வந்து நிற்பான். ஆனால் அவன் ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர் பொருளை உண்டிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மைகள் தீர்ந்தும் கடன் தீராவிடில் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். தொழாதவனைப் பற்றியதன்று இவ்வுரை. தொழுதவனைப் பற்றியது. அதனாலேயே நம் போன்றோருக்கு இது அச்சம் விளைவிப்பது.

இந்த நான்காவது நிபந்தனையை வாழ்ந்து காட்டியவர் என்று நாம் கருதுவது புளைல் இப்னு இயாள் என்னும் பெரியாரை. குராசான் நாட்டில், அபீவர்துக்கும் சரக்ஸுக்கும் இடைப்பட்ட சாலையில் வணிகக் கூட்டங்களைக் கொள்ளையிட்டு வந்தவர் அவர். ஒரு பெண்ணை நாடி ஓர் இரவு சுவரேறியபோது, எங்கிருந்தோ ஒருவர் திருக்குர்ஆன் ஓதும் குரல் கேட்டது. ஓதப்பட்டது 57ஆம் அத்தியாயத்தின் 16ஆம் வசனம். இறை நினைவால் நெஞ்சம் இளகும் காலம் இன்னுமா வரவில்லை என வினவும் கருத்துடையது அது. சுவரின் மேலிருந்தவர், இறைவா, வந்துவிட்டது என்று சொல்லி இறங்கினார். அன்றிரவு தங்குவதற்கு ஒரு பாழ்மனையை நாடிச் சென்றார். அங்கே ஒரு வணிகக் கூட்டம் ஒதுங்கியிருந்தது. இப்போதே புறப்படுவோம் என்றனர் சிலர். வேண்டா, வழியில் புளைல் இருப்பான், விடியட்டும் என்றனர் வேறு சிலர். தாம் நல்வழிக்குத் திரும்பிவிட்ட அந்த இரவிலும், தம் பெயர் இன்னும் பிறரை அச்சுறுத்திக்கொண்டிருப்பதை அவர் இருளில் நின்று கேட்டார்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைப் பெரிதும் தொடுவது இவ்விடமே. திரும்பியவனுக்கு அவன் திரும்பியது தெரியும், இறைவனுக்கும் தெரியும். கொள்ளை கொடுத்தவனுக்குத் தெரியாது. அவன் இன்னும் பாழ்மனையில் விழித்துக்கொண்டே கிடக்கிறான். பாரசீகக் கவிஞர் அத்தார் எழுதிய இறைநேசர் வரலாறுகளின்படி, புளைல் தாம் கொள்ளையிட்டவர்களைத் தேடித் தேடிச் சென்று அவர்களை மனநிறைவு கொள்ளச் செய்தார். எளிதில் இசையாதவரும் இருந்தனர். பின்னர் மக்கமாநகர் சென்று வணக்கத்தில் வாழ்ந்து 803இல் அங்கேயே மறைந்தார். சாலையில் யாரும் நம்பாத அம்மனிதர், நபிமொழிகளை அறிவிப்போருள் நம்பத்தக்கவர் என்று பிற்கால அறிஞர்களால் ஏற்கப்பட்டார்.

நாம் வாழும் இத்தில்லி மாநகரில் 1325இல் மறைந்த ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா அவர்களின் உரையாடல்களைக் கவிஞர் அமீர் ஹசன் சிஜ்ஸி தொகுத்து வைத்துள்ளார். அவற்றிலும் தவ்பா பலகால் பேசப்படுகிறது. பிறர் பொருளை எடுத்தவன் அதைத் திருப்பித் தராமல் தவ்பா, தவ்பா என்று வாயால் சொல்வது தவ்பா ஆகாது என்பதே அவர்தம் கருத்தும். வியாழன் மாலைகளில் அத்தர்காவில் திரளும் கூட்டத்தில் நாமும் நின்றதுண்டு. பூவும் போர்வையும் வாங்கும் விரைவில் இவ்வுரை நினைவுக்கு வந்ததில்லை.

புளைல் பெரியாரோடு தொடர்புடைய இன்னொன்றையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். வணக்கத்தைக் கெடுக்கும் நோய்களுள் கொடியது 'ரியா'. பிறர் காண வேண்டும், மெச்ச வேண்டும் என்று நற்செயல் புரிவது அது. முகத்துதி என்று தமிழ் முஸ்லிம்கள் இதனைக் கூறுவர். இதற்கு எதிரானது 'இக்லாஸ்' என்னும் உளத்தூய்மை. வள்ளுவப் பெருந்தகை கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளமையின், இதனைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் புளைல் இந்நோயின் மற்றொரு முகத்தைக் காட்டினார். மனிதருக்காக ஒரு நற்செயலைச் செய்வது மட்டும் குற்றமன்று, மனிதருக்காக ஒரு நற்செயலைச் செய்யாமல் விடுவதும் முகத்துதியே என்பது அவர் கூற்றாக வழங்குகிறது. முதன்முறை இதனைப் படித்தபோது, சொல்லுக்காகச் சொன்னது என்றே எண்ணினோம். மெச்சுதல் வேண்டிச் செய்வது விளங்குகிறது. செய்யாமல் விடுவதில் என்ன காட்சி இருக்கிறது?

இதற்கு விடை நம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

2006ஆம் ஆண்டு. நமக்கு இருபத்தெட்டு வயது. அலுவலகத்தில் பணியாற்றிய தமிழர் ஒருவர், கடைநிலை ஊழியர், சூன் மாதத்தில் திடீரென இறந்துபோனார். அவர் மனைவிக்குரிய குடும்ப ஓய்வூதியக் கோப்பு செப்டம்பரில் நம்மிடம் வந்தது. பணிப்பதிவேட்டில் அவர் பெயர் தந்தையின் தலைப்பெழுத்தோடு இருந்தது. வங்கிக் கணக்கிலோ தந்தையின் பெயர் விரிந்து முன்னால் நின்றது. மனைவியின் குடும்ப அட்டையில் கணவர் பெயர் குலப்பெயர்போல் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைநகரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர், எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பித்தவர் எவர்க்கும் இத்துன்பம் புதிதன்று. வடபுலத்தார்க்குப் பெருங்குழப்பமாகத் தோன்றும் இது, தமிழனாகிய நமக்கு நொடிப்பொழுதில் விளங்கியது. மூன்று பெயரும் ஒரே மனிதருடையவை என்று நாம் அறிந்திருந்தோம். அவரோடு ஒரே மேசையில் தேநீர் அருந்தியவர்களல்லவா நாம்! ஐயமிருப்பினும் தற்காலிகக் குடும்ப ஓய்வூதியம் வழங்க விதி இடந்தருவதையும் அறிந்திருந்தோம்.

ஆயினும் கோப்பில், பெயர்களில் வேறுபாடு காணப்படுகிறது, உரிய சான்று பெறப்பட வேண்டும் என்று எழுதினோம். ஏன்? அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, உடன் பணிபுரியும் ஒருவர் சிரித்துக்கொண்டே, மதராசிக்கு மதராசிதான் துணை என்று நம்மைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அச்சொல் முள்ளாய்த் தைத்திருந்தது. நாம் ஊர்ப்பற்றுக்கு இடங்கொடாத நேர்மையாளர் என்பதைப் பிரிவு முழுவதும் அறிய வேண்டும் என்று விரும்பினோம். அறிந்தனர், நம் பிரிவு அலுவலர் நம் கவனத்தைப் பாராட்டவும் செய்தார். கடிதம் ஊருக்குப் போயிற்று, வட்டாட்சியர் சான்று வந்தது, அதிலும் ஓர் எழுத்து மாறியிருந்தது, மீண்டும் போயிற்று. ஓய்வூதியம் ஆணையாகும்போது மறு ஆண்டு பிப்ரவரி பிறந்துவிட்டது. நிலுவை முழுவதும் வழங்கப்பட்டது. கோப்பு முறைப்படி முடிக்கப்பட்டது.

அந்த ஐந்து மாதங்களுக்கு நடுவில்தான் அவ்வாண்டின் ரமளான் வந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவில் தராவீஹ் தொழுகை. இருபத்தேழாம் இரவில் பள்ளிவாசலில் நின்று, பிழை பொறுக்கக் கேட்டு, நெஞ்சு விம்ம அழுதோம். அவ்வழுகை பொய்யன்று, இன்று எண்ணிப் பார்த்தாலும் அதனைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. நினைவுக்கு வந்த பிழைகளையெல்லாம் பெயர் சொல்லி அழுதோம். அவற்றுள் அந்தக் கோப்பு இல்லை. அதனை நாம் பிழையென்றே அறியவில்லை. நற்செயல்களின் வரிசையில் வைத்திருந்தோம்.

இமாம் கஸ்ஸாலி (1058 - 1111) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பாக்தாதின் நிஜாமிய்யா கல்விச்சாலையில் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்று தம்மைத் தாமே வினவி, விடைகண்டு நடுங்கி, நாவெழாமல் போய், 1095இல் பதவியைத் துறந்து வெளியேறினார். அத்தகைய கேள்வியை நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ளும் தெளிவு நமக்கு இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. 2013இல் புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர், இதே போன்றதொரு கோப்பைக் கொண்டுவந்து, பெயர்கள் பொருந்தவில்லையே, என்ன செய்யலாம் என்று கேட்டார். இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி வாங்குங்கள், உடன் பணியாற்றிய இருவர் கையொப்பமிடட்டும், அலுவலகத் தலைவர் ஒப்புதல் அளிப்பார் என்றோம். அன்று மாலையே அக்கோப்பு முடிந்தது. இவ்வளவு எளிதா ஐயா, என்று அவ்விளைஞர் வியந்தார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

விடுப்பில் ஊர் சென்றபோது பள்ளிவாசல் இமாமிடம் இதனைச் சொன்னோம். நிலுவை முழுதும் கிடைத்துவிட்டதால் பொருட்கடன் இல்லை. அவ்வம்மையாருக்காகத் துஆச் செய்யுங்கள் என்று அவர் அன்போடு கூறினார். அது நமக்கு உவப்பான விடை. உவப்பாக இருந்தமையாலேயே அதன்மீது ஐயம் பிறந்தது. கஸ்ஸாலி அவர்கள் இதில் சற்றுக் கடுமையானவர். பொறுக்கக் கேட்பவன், செய்தது இன்னதென்று சொல்லிக் கேட்க வேண்டும், பொதுப்படக் கேட்டால் போதாது, சொல்வதே பெரிய தீங்காகும் இடங்கள் மட்டும் விலக்கு என்பது அவர் கருத்து. எதைப் பொறுக்கிறோம் என்று அறியாமல் ஒருவர் பொறுப்பது எங்ஙனம் பொறுத்தல் ஆகும்? அதில் நியாயம் இருப்பதாகவே நமக்குப் பட்டது.

பழைய பதிவேட்டில் முகவரி கிடைத்தது. சேலம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கடிதம் எழுதினோம், மறுமொழி இல்லை. 2014 மே மாதம் விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் செல்லும் வழியில் சேலத்தில் இறங்கி, இரண்டு பேருந்து மாறி அங்கே போய்ச் சேர்ந்தோம். (சர்க்கார் செலவில் தவ்பாவா என்று நண்பர் ஒருவர் பின்னர் கேலி செய்தார். சேலத்துக்கு அப்பால் நம் சொந்தச் செலவே.)

அம்மையார் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். கடிதம் வந்ததாகவும், சர்க்கார் கடிதம் என்று எண்ணிப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னார். ஓய்வூதியம் தாமதமானதற்கு வருந்துகிறோம் என்று நாம் தொடங்கியதுமே, "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க, மேலே இருக்கிறவங்க சொன்னதைத்தானே எழுதியிருப்பீங்க" என்றார். ஒரு கணம் அதனோடு எழுந்துவிடலாம் என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. கேட்க வந்தது கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் பொறுத்தது வேறு யாரையோ; செய்தவன் அங்கே அமர்ந்திருந்தான்.

"மேலே யாரும் சொல்லவில்லை அம்மா. நானாகவேதான் எழுதினேன். அவர் பெயர் எது என்பது எனக்குத் தெரியும்" என்றோம்.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க ஊர்ப் பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுமா?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றோம். காரணம் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அந்தத் தேநீர் வேளைச் சிரிப்பை அவரிடம் எவ்வாறு விளக்கியிருப்போமோ, அறியோம். அந்த ஐந்து மாதங்களை எப்படிக் கழித்தார் என்று நாமாகக் கேட்டோம். எட்டாயிரம் ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியதாகச் சொன்னார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். வட்டி விலக்கப்பட்டது என்று ஓதியறிந்து, சேமிப்புக் கணக்கில் சேரும் வட்டியைக்கூடத் தனியே எடுத்து ஒதுக்கி வைக்கும் நாம், ஓர் ஏழைப் பெண்ணை வட்டிக்காரர் வாசலில் ஐந்து மாதம் நிற்க வைத்திருக்கிறோம்.

ஓர் உறையில் ஐயாயிரம் ரூபாய் கொண்டு சென்றிருந்தோம். தயக்கத்தோடு அதனை எடுத்து வைத்தோம். அவர் உறையைப் பிரித்தார், எண்ணினார், இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு மூவாயிரத்தைத் திரும்ப நம் முன் வைத்தார். "வட்டி ரெண்டாயிரம்தான் ஆச்சு" என்றார்.

பொறுத்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாமும் மறுமுறை கேட்கத் துணியவில்லை. ஆறு மணிக்குத்தான் பேருந்து, அதுவரை திண்ணையில் இருங்கள் என்று சொல்லி, உள்ளே போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். வெயில் தாழும் வரை அங்கே அமர்ந்திருந்தோம்.